மனைவி என்று சொன்னால்

17

மருதாணிக்காரிக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சமையல்காரருக்கும் பூக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை கொண்டுவர இருந்தவரைக்கூட பெண்ணின் அப்பா ஹஸ்முக் பாய் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார். கடைசியில் அந்த வாக்கியம் அவர் வாயில் பழகிப்போய்விட்டது.

இவள் ஒருத்தி விட்டுப்போய்விட்டாள். வியாழக்கிழமை காலையில், வாசல் பனியை மிதித்துக்கொண்டு, மருதாணிக் கூம்புகள் நிறைந்த டப்பாவோடு வந்து மணி அடித்தாள்.

"எங்க மணப்பொண்ணு? கையில எண்ணெய் கிண்ணெய் எதுவும் தடவலையே? தடவியிருந்தா நிறம் பிடிக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

பெண்ணின் அம்மா ஜாக்ருதி கதவை முழுசாகத் திறக்கவில்லை. "கல்யாணம் தள்ளிப்போயிருக்கு."

"ஐயய்யோ! பையன் வீட்டுல ஏதாவது கலாட்டாவா? என்கிட்ட சொல்லுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

"பையனுக்கு உடம்பு சரியில்ல."

மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஊர்மியின் காதில் அது விழுந்தது. உடம்பு சரியில்லை. என்னவோ ஜலதோஷம் பிடித்து மௌலிக் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பதுபோல.

அவன் கடைசியாகக் கண் திறந்து பார்த்தது போன ஞாயிற்றுக்கிழமை. தன் அம்மாவின் ரவிக்கையைத் தையல்காரரிடம் கொடுக்கக் கிளம்பியவன், ஜெர்சி சிட்டியிலிருந்து வரும் வழியில் ரோட்டில் உறைந்திருந்த பனியில் கார் சறுக்கி, லாரிக்கு அடியில் போய்விட்டான். அன்றிலிருந்து மூச்சுகூட இயந்திரம்தான் விடுகிறது.

மார்கழி பிறப்பதற்கு முன் முகூர்த்தம் வேண்டும் என்று இந்தச் சனிக்கிழமையைப் பார்த்துப் பார்த்துக் குறித்திருந்தார்கள். ஆனால் சர்க்கார் கணக்கில் ஊர்மி அவனுக்கு செப்டம்பரிலேயே மனைவி. அவன் கம்பெனியில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. வேலை போனால் விசாவும் போய்விடும். ஊர்மி இங்கே அமெரிக்காவிலேயே பிறந்த பெண். எதற்கும் பதிவு மட்டும் முடித்து வைத்துவிடலாம், நெருப்பைச் சுற்றி ஃபேரா வரும் கல்யாணத்தை டிசம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். டவுன் ஹாலில் கையெழுத்துப் போட்டுவிட்டு மௌலிக் அவன் வீட்டுக்குப் போனான், ஊர்மி அவள் வீட்டுக்குப் போனாள். மூன்று மாதமாக மனைவி. ஒரு நாள்கூட ஒரே கூரையின் கீழ் தூங்கியதில்லை.

மருதாணிக்காரி போன பிறகு ஜாக்ருதி கதவைச் சாத்தினாள். பிறகு காலணியை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாம்" என்றாள்.

*

காரில் ஹஸ்முக் பாய் எதுவும் பேசவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் பேசுவதில்லை என்பது ஒரு காரணம். மற்ற நேரத்திலும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

"இன்னிக்கு டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றாள் ஜாக்ருதி, முன் சீட்டிலிருந்து திரும்பாமலே.

"என்னன்னு மம்மி?"

"ரமிலாபென்தான் அவனுக்கு அம்மா, எதுன்னாலும் அவங்களைக் கேளுங்கன்னு. நேத்து அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சொன்னா இல்ல? முடிவு சொல்ற பொறுப்பு எனக்கு வேண்டாம்னு நீ ஒதுங்கிட்டா அடுத்தது அம்மாதான்னு."

"நான் அவனோட மனைவி."

"பேப்பர்ல."

"ஆஸ்பத்திரி பேப்பரைத்தான் பார்க்குது."

"ஊரு பார்க்காது. நெருப்பைச் சுத்தி வந்தியா? இல்ல. உன் கையை யாராவது பிடிச்சு அவன் கையில குடுத்தாங்களா? இல்ல. நீ என் வீட்டுப் பொண்ணு. உனக்கு ஒண்ணும் ஆகல." மறுபடியும் சொன்னாள். "புரியுதா ஊர்மி? அவனுக்கு என்ன ஆனாலும், உனக்கு ஒண்ணும் ஆகல."

ஊர்மி ஜன்னலைப் பார்த்தாள். அம்மா தன்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டுச் சண்டை போட அதில் இடமே இல்லை.

*

ரமிலாபென் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டிருந்தாள். மகன் கல்யாணத்துக்காக நவம்பரில் குஜராத்தின் நடியாத்திலிருந்து வந்தவள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது, மௌலிக் ஒரே பிள்ளை. இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வார்டில் வேலை பார்க்கும் அத்தனை பேரையும் தெரியும். எவர்சில்வர் டப்பாவில் தேப்லா ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து, நர்ஸ்கள் கையில் திணித்துவிட்டுத்தான் நகருவாள். லூஸ் என்ற நர்ஸ் மட்டும் ஊறுகாயும் கேட்டு வாங்கிக்கொள்வாள். என் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள் என்று சொல்ல ரமிலாபென்னுக்கு வேறு பாஷை இல்லை.

டாக்டர் ஒரு சின்ன அறைக்குள் எல்லோரையும் உட்காரவைத்தார். வயதான பெண்மணி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மேஜையில் மொழிபெயர்ப்புக்காக ஒரு தொலைபேசி இருந்தது. அதிலிருந்து ஒரு குஜராத்திக் குரல் நமஸ்தே சொன்னதும், ரமிலாபென் அதைத் தள்ளி வைத்தாள்.

"அந்த ஃபோன்காரிக்கு என் பையன் யாருன்னு தெரியுமா? நீ சொல்லு பேட்டா."

ஊர்மிக்குத் தெரிந்த குஜராத்தி சமையலறையில் கற்றது. காய்கறிகளின் பெயர் தெரியும், சாமிகளின் பெயர் தெரியும், திட்டத் தெரியும். டாக்டர் சொன்னதற்கெல்லாம் அதில் வார்த்தை இல்லை.

"மூளை வீங்கிட்டே போகுதாம், ஆன்ட்டி. மருந்து கேக்கலையாம். மண்டை ஓட்டுல ஒரு பக்கத்தை எடுத்துட்டா உயிர் நிக்கலாமாம்."

"அப்ப எடுக்கச் சொல்லு."

"நின்னாலும்..." ஊர்மி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் காத்திருந்தார். "நின்னாலும் அவன் நம்மளைத் தெரிஞ்சுக்க மாட்டானாம். பேச மாட்டானாம்."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமே."

ரமிலாபென் தலையசைத்தாள், ஏதோ சின்னக் குழந்தை சொல்வதைக் கேட்பதுபோல. "ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப டைஃபாய்டு வந்துச்சு. அப்பவும் என்னைத் தெரியல அவனுக்கு. யாரோ ஆன்ட்டி வந்திருக்காங்கன்னான். அப்புறம் தெரிஞ்சுது."

அதை ஊர்மி டாக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை.

நாளைக் காலைக்குள் பதில் வேண்டும், அதற்கு முன்னால் நிலைமை மாறினால் உடனே வந்து சொல்கிறேன் என்றார் டாக்டர். எல்லாவற்றையும் ஊர்மியைப் பார்த்தே சொன்னார். பதில் உங்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று எழுந்தபோதும் அவள் தோளைத்தான் தொட்டார்.

கதவு மூடியதும் ரமிலாபென் கேட்டாள். "அவங்க ஏன் உன்னையே பார்த்துப் பேசறாங்க?"

"நான்தான் சொல்லணுமாம், ஆன்ட்டி. வேணுமா வேண்டாமான்னு."

"நீயா?" அவள் குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "என் பிள்ளைக்கா? நீ எப்படி?"

"அதைத்தான் நானும் காலையிலேர்ந்து சொல்றேன்" என்று ஜாக்ருதி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "நீங்கதான் ரமிலாபென் சொல்லணும். பெத்தவ நீங்க இருக்கறப்ப இவ யாரு நடுவுல?"

"அதானே."

"அதானே!"

மண்டபத்துக்கு எந்த நிறத் துணி, மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை அறை என்று ஒரு மாதமாக முட்டிக்கொண்ட சம்பந்திகள் இரண்டு பேரும் முதல் முறையாக ஒரே பேச்சுப் பேசினார்கள். ஊர்மி நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் மனைவி இல்லை என்பதில் இருவருக்கும் துளி சந்தேகம் இல்லை.

*

அவள் எழுந்து மௌலிக்கிடம் போனாள்.

முகம் ஒரு பக்கம் உப்பி, யாரோ மாதிரி இருந்தான். கைகள் மட்டும் அவனுடையவை. வலது கைக் கட்டைவிரல் நகத்தைக் கடித்துக் கடித்து ஒரு பக்கம் தேய்த்து வைத்திருப்பான். கல்யாணப் படத்தில் கை தெரியும், டிசம்பர் வரை கடிக்காதே என்று அவள் நச்சரித்தபடி இருந்தாள். நகம் பாதி வளர்ந்திருந்தது.

"என்ன சொல்லட்டும் மௌலிக்?" என்றாள்.

இயந்திரம் மூச்சு விட்டது.

அவனுக்கு என்ன பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. இப்படியெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. சோபாவை இங்கிருந்து வாங்குவதா அங்கிருந்து வாங்குவதா என்று பேசினார்கள். அவன் அம்மா ஊருக்குத் திரும்பின பிறகு ஞாயிற்றுக்கிழமையில் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று பேசினார்கள்.

அம்மா சொல்வதுபோல ஒதுங்கிவிடலாம். ஒரு வார்த்தை போதும். பிறகு அந்தக் கேள்வி அவளுடையது இல்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு இந்த அறையில் அவள் யார்? பார்க்க வந்த ஒரு பெண். அவனுக்கு மனைவியாக இருக்க வேண்டும், மனைவியிடம் மட்டும் கேட்கப்படும் அந்தக் கேள்வி வேண்டாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பது தெரிந்தும், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

லூஸ் வந்து மருந்துப் பையை மாற்றினாள். போகும்போது ஒரு நாற்காலியை இழுத்து ஊர்மியின் முழங்காலுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள்.

*

மத்தியானம் காத்திருக்கும் அறையில், யாரும் தொடாத தேப்லாவைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்திருந்தபோது, ரமிலாபென் திடீரென்று ஆரம்பித்தாள்.

"நான் யோசிச்சேன்."

ஜாக்ருதி நிமிர்ந்தாள்.

"மண்டையைத் திறங்கன்னு நான் சொல்லிடுவேன். சொல்றது என்ன பெரிசு? ஏப்ரல்ல என் விசா முடியுது. விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் அவன் பக்கத்துல யாரு?" அவள் ஊர்மியைப் பார்க்கவில்லை, டப்பாவின் மூடியைப் பார்த்துப் பேசினாள். "வேண்டாம்னு சொல்ல என் வாய் வராது. வேணும்னு சொல்ல எனக்கு வக்கில்ல. இவளே சொல்லட்டும்."

"ரமிலாபென்..."

"ஆனா இப்படி இல்ல. யாரோ ஒரு வீட்டுப் பொண்ணு என் பிள்ளை உசுரைப் பத்திச் சொல்லக் கூடாது. என் வீட்டு மருமகளாச் சொல்லட்டும். என்ன சொன்னாலும் தாங்கிக்கறேன். நாளைக்குக் காலையில டாக்டர் வர்றதுக்கு முன்னாடி, மகராஜைக் கூப்பிட்டு, அவன் கையில இவ கையைச் சேர்த்து வெச்சிடலாம்."

சுவரில் டிவி சத்தமில்லாமல் யாரோ கேக் செய்வதைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன கேக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?" என்றாள் ஜாக்ருதி. "நாளைக்குக் கையைச் சேர்க்கறது. நாளான்னைக்கு அவன் போயிட்டா? என் பொண்ணு என்ன? சொல்லுங்க, அதுக்கு என்ன பேரு?"

"அந்தப் பேரோடதான் நான் இத்தனை வருஷமா இருக்கேன், ஜாக்ருதிபென். தெரியாம கேக்கல."

ஊர்மிதான் தொலைபேசியை எடுத்து மகராஜைக் கூப்பிட்டாள்.

ஜிதுபாய் மகராஜ் புரோகிதர்தான் என்றாலும், வாரநாட்களில் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர். பின்னால் தபால் தள்ளுவண்டிச் சக்கரங்களின் கடகட சத்தத்தோடு பேசினார். ஒலிபெருக்கியில் போட்டு எல்லோரும் கேட்டார்கள்.

"அங்க அக்கினி கூடாது, தெரியும்தானே? ஆக்ஸிஜன் போகுது, ஊதுவத்திகூட ஏத்த விட மாட்டாங்க. நெருப்பு இல்லாம ஃபேரா இல்ல. ஹஸ்த மேளாப் பண்ணலாம், கையோட கை சேர்க்கறது. நான் மந்திரம் சொல்றேன். அது முழுக் கல்யாணமான்னு என்னைக் கேக்காதீங்க, எனக்குப் பதில் தெரியாது."

"அது போதும் மகராஜ்" என்றாள் ரமிலாபென்.

"போதாதும்மா. ஒண்ணு இருக்கு. கன்னிகாதானத்துல குடுக்கறவங்க குடுக்கறேன்னு சொல்லணும், வாங்கிக்கறவன் ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும். பையன் பேசற நிலைமையில இல்லங்கறீங்க. அவன் சம்மதத்தை யார் சொல்றது? நான் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது."

சக்கரங்களின் சத்தம் நின்றது.

"சொல்லிட்டான்" என்றது ஒரு குரல்.

ஹஸ்முக் பாய். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டவுன் ஹால்ல சொன்னான். நான்தான் சாட்சி. மேயர் கேட்டார், இவளை ஏத்துக்கறியான்னு. மெதுவாச் சொன்னான். காதுல விழலைன்னார் மேயர். அப்புறம் கத்தினான் பாருங்க. பக்கத்து ஜன்னல்ல நாய்க்கு லைசென்ஸ் வாங்க நின்னவங்கல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க." அவர் நிறுத்தினார். "மாப்பிள்ளை மௌலிக் குமார் ஏத்துக்கிட்டார். நான் கேட்டேன்."

ஊர்மி அப்பாவைப் பார்த்தாள். இவ்வளவு வார்த்தைகளை அவர் ஒரு சேரப் பேசி அவள் கேட்டதே இல்லை.

மகராஜ் சொன்னார். "எல்லாரும் என்னை முதல்ல கூப்பிடுவாங்க, அப்புறம்தான் லைசென்ஸுக்கு அலைவாங்க. நீங்க தலைகீழாப் பண்ணியிருக்கீங்க. இதுக்கு எந்தப் புஸ்தகத்துலயும் வழி இல்ல, ஹஸ்முக் பாய். ஆனா அவன் வாயால சொன்னது அது ஒண்ணுதான். நான் எடுத்துக்கறேன். காலையில ஷிஃப்டுக்கு முன்னாடி வந்துடறேன். பொண்ணைக் குடுக்கறது? நீங்களும் ஜாக்ருதிபென்னும் உட்காருவீங்க இல்ல?"

எல்லோரும் ஜாக்ருதியைப் பார்த்தார்கள்.

"நான் மாட்டேன்."

"ஜாக்ருதி..."

"அது கல்யாணமே இல்லன்னு நான்தானே சொன்னேன்?" அவள் புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். மகராஜ் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையே மறந்துவிட்டாள். "கையெழுத்துப் போட்டப்ப பித்ரு பட்சம் ஓடிட்டிருந்துது. செத்தவங்களுக்குச் சோறு வைக்கற நாளு. விசாவுக்கு அவசரம்னீங்க. சரி, இது கல்யாணம் இல்ல, வெறும் கையெழுத்துதான், தோஷம் கிடையாதுன்னு எல்லாருக்கும் சமாதானம் சொன்னது நான். உள்ளகூட வரல, கார்லயே உட்கார்ந்திருந்தேன். இப்ப நீங்க எல்லாரும் சேர்ந்து அதுவும் கல்யாணம்தான்னு சொன்னா..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்த நாள்ல என் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சது யாரு? நான்தானே?"



"மம்மி, பனி உறைஞ்சதுக்கும் அதுக்கும்..." என்று ஆரம்பித்த ஊர்மி நிறுத்திக்கொண்டாள். அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன பிரயோஜனம்?

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது.

டாக்டர் உள்ளே வரவில்லை. கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு, ஊர்மியைப் பார்த்து வேகமாகப் பேசினார். தலைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. காலைவரை தாங்காது. அறுவை அறை தயாராக இருக்கிறது. வேண்டுமென்றால் இப்போதே. வேண்டாமென்றால், எல்லோரும் வந்து அவன் பக்கத்தில் இருக்கலாம். "என்னோடு வாருங்கள், நடந்துகொண்டே சொல்கிறேன்."

ஊர்மி எழுந்தாள். எழும்போதே ஜாக்ருதி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் ரமிலாபென். யாரும் மொழிபெயர்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள், ஊர்மியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "இப்பவேவா?"

ஊர்மி தலையசைத்தாள்.

தொலைபேசியில் மகராஜ், "ஹலோ, ஹலோ" என்றார்.

ரமிலாபென் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, ஜாக்ருதியின் எதிரே வந்து நின்றாள். பெண் வீட்டார் குனிவதும், பிள்ளை வீட்டார் நிமிர்ந்து நிற்பதும்தான் இரண்டு பேரும் பார்த்து வளர்ந்த வழக்கம். பிள்ளையைப் பெற்றவள் இரண்டு கைகளையும் விரித்து, பெண்ணைப் பெற்றவளின் முன்னால் குனிந்து நின்றாள்.

"உங்க பொண்ணைக் குடுங்க" என்றாள். "எனக்கு வேற நேரம் இல்ல."

டாக்டர் கதவிலேயே நின்றார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

டவுன் ஹாலில் யாரும் ஊர்மியைக் கொடுக்கவில்லை. தானாக நடந்து போய் நின்றாள். இப்போதும் கையை இழுத்தால் வந்துவிடும். அம்மாவுக்கு அவளைவிடப் பலம் குறைவுதான். ஆனால் அவள் இழுக்கவில்லை. உள்ளே போய் என்ன சொல்லப்போகிறோம் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கையைப் பிடுங்கிக்கொண்டு போனால் எதையும் சொல்ல முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"மம்மி" என்றாள்.

ஜாக்ருதி யாரையும் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சுண்டுவிரல் தளர்ந்து, மகளின் தோலைவிட்டு மெல்ல விலகியது.

மற்ற விரல்கள் விலகவில்லை.